வேதியியல் அறிக்கை தேறியது, டாஃப்னியா தேறவில்லை: ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரின் நச்சுத்தன்மைச் சோதனை

பாலாற்றங்கரை | திங்கள், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டைக்கு அருகே ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்து வருகிறேன். முதுகலை மாணவர்களின் செய்முறை வகுப்புக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் டாஃப்னியா மேக்னா என்ற மிகச் சிறிய நன்னீர்ப் பூச்சியை வளர்க்கத் தொடங்கினோம். இப்போது சுற்றுவட்டாரக் கிணற்று நீரை அதில் சோதித்துப் பார்க்கும் அளவுக்குக் கை பழகியிருக்கிறது. சென்ற வாரம் வந்த ஒரு மாதிரி எங்களைக் குழப்பிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் உள்ள 200 அடி ஆழ்துளைக் கிணறு அது. வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு தனியார் ஆய்வகத்தில் நீரைக் கொடுத்து அறிக்கை வாங்கியிருந்தார். மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,850 மில்லிகிராம், கடினத்தன்மை 520, நைட்ரேட் 38, ஃப்ளோரைடு 0.9, குரோமியம் 0.02க்கும் கீழ். மாற்று நீராதாரம் இல்லாத இடங்களுக்கு இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் எல்லைக்குள் எல்லாமே அடங்குகின்றன. சவர் தண்ணீர்தான், ஆனாலும் அறிக்கையின்படி குடிக்கத் தகாதது அல்ல.

அதே கிணற்றிலிருந்து நாங்கள் எடுத்து வந்த நீரில் 48 மணி நேரச் சோதனை வைத்தோம். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை ஒரு குவளைக்கு ஐந்து வீதம் நான்கு குவளைகளில் விட்டோம். நீர்க்காத நீரில் 20இல் 17 நீந்த முடியாமல் முடங்கிவிட்டன. பாதிக்குப் பாதி நீர்த்ததில் ஆறு முடங்கின, நான்கில் ஒரு பங்காக நீர்த்ததில் ஒன்றுகூட முடங்கவில்லை. கிணற்று நீர் சேராத ஒப்பீட்டுக் குவளைகளில் முடங்கியது ஒன்றே ஒன்று, ஆகவே குஞ்சுகளின் மீது பழி போட முடியாது. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அறிக்கையை நம்புவதா, பூச்சியை நம்புவதா என்று எனக்கே தெளிவாகவில்லை.

நீரோட்டம் | திங்கள், இரவு 10.45

நிலத்தடி நீர்க் கண்காணிப்பில் முப்பது ஆண்டுகள் பணிசெய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில ஐயங்களை வெளிப்படையாகவே எழுதுகிறேன். டாஃப்னியா குளத்திலும் ஏரியிலும் வாழும் உயிர். வெளிச்சமும் பாசியும் இல்லாத, ஆக்சிஜன் குறைந்த, உப்பு ஏறிய பாறை இடுக்கு நீரில் அதை விட்டுவிட்டு, செத்துவிட்டது என்று வியப்பதில் பொருள் இருப்பதாகத் தெரியவில்லை.

தொழிற்சாலைக் கழிவுநீருக்கு இப்படி ஒரு சோதனை நம் நாட்டு விதிகளில் உண்டு. நீர்க்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 விழுக்காடு மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரநிலை சொல்கிறது. ஆனால் அது ஆலையின் வாயிலில் வெளியேறும் நீருக்கானது, கிணற்று நீருக்கானது அன்று. நாங்கள் கண்காணிப்புக் கிணறுகளில் பார்த்ததெல்லாம் மின்கடத்துதிறன், குளோரைடு, நைட்ரேட், ஃப்ளோரைடு, இரும்பு, ஆர்சனிக், அண்மைக் காலத்தில் யுரேனியம். இவற்றையே எல்லாக் கிணறுகளிலும் ஒழுங்காக அளந்து முடிக்க ஆளும் பணமும் போதாத நிலையில் பூச்சி வளர்ப்பை எங்கே சேர்ப்பது? என் முதல் ஐயம் உப்பின் மீதுதான்.

கண்ணாடிக்குடுவை | செவ்வாய், காலை 7.30

ஐயாவின் ஐயம் நியாயமானதே, ஆனால் அதைச் சோதித்துத் தீர்த்துவிட முடியும். டாஃப்னியா மேக்னா அந்த இனத்திலேயே உப்பைத் தாங்கும் வகை. சாதாரண உப்பு மட்டும் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 4 முதல் 6 கிராம் வரை ஏறினால்தான் இரண்டு நாளில் பாதிக் குஞ்சுகள் மடியும். 1,850 மில்லிகிராம் அதற்கு வெகு கீழே. இருந்தாலும் சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் விகிதம் கோணினால் குறைந்த உப்பிலும் சிக்கல் வரலாம் என்பதால் அறிக்கையில் உள்ள அளவுகளின்படி அதே உப்புகளைத் தூய நீரில் கரைத்து ஒரு போலி நீர் தயாரித்து அதிலும் குஞ்சுகளை விட்டுப் பாருங்கள். அதில் அவை பிழைத்தால் உப்பைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம்.

உப்பைவிட எனக்குப் பெரிய கவலை தருவது, நீர் மேலே வந்தபின் அதற்கு என்ன நேர்ந்தது என்பதுதான். ஆழ்துளை நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, பாத்திரத்தில் ஊற்றியதும் வெளியேறத் தொடங்கும். அதனால் பி.எச். தானாக ஏறும். பி.எச். ஏறினால் அம்மோனியாவில் நஞ்சான பங்கு கூடும். கரைந்த இரும்பு இருந்தால் காற்றுப் பட்டதும் செம்பழுப்புத் துகளாகிக் குஞ்சுகளின் கால் மயிர்களிலும் செவுள்களிலும் படிந்துகொள்ளும். அது நச்சால் வந்த மரணம் ஆகாது, மூச்சுத் திணறல் என்றுதான் சொல்ல வேண்டும். சோதனையின் முடிவில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்ததா, பி.எச். எவ்வளவு ஏறியது, குவளையின் அடியில் படிவு தெரிந்ததா, மாதிரியை எடுத்து எத்தனை மணி நேரத்தில் சோதனை தொடங்கியது என்பவற்றைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

பாலாற்றங்கரை | செவ்வாய், மாலை 6.15

குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறேன். மாதிரி வந்தபோது ஆக்சிஜன் 2.1 மட்டுமே இருந்தது, ஆகவே மென்மையாகக் காற்றூட்டி 6.8க்குக் கொண்டுவந்த பிறகுதான் குஞ்சுகளை விட்டோம். முடிவில் 6.1. பி.எச். 7.0இலிருந்து 8.3க்கு ஏறியது, ஆனால் அம்மோனியா 0.3 மில்லிகிராம்தான். இரும்புப் படிவு கண்ணுக்குத் தெரியவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோதும் முடங்கிய குஞ்சுகளின் உடல் தெளிவாகவே இருந்தது. இதயம் மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது, கால்கள் அசையவில்லை. மாதிரி எடுத்து எட்டு மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கிவிட்டது. போலி நீர்ச் சோதனையை இன்று வைத்துவிட்டோம், வியாழன் இரவு முடிவு தெரியும்.

கிணற்றடி | செவ்வாய், இரவு 8.50

நான் படித்தவன் இல்லை, பாலாற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். எங்கள் தாத்தா காலத்தில் கிணறு வெட்டி ஊற்றுக் கண்டதும் நாலு கெண்டைக் குஞ்சு பிடித்து வந்து கிணற்றில் விடுவார்கள். கொசுப்புழுவையும் தின்னும், தண்ணீர் கெட்டால் முதலில் மீன் மேலே மிதந்து காட்டிக்கொடுக்கும். பேராசிரியர் செய்வதும் அதுதானே? இன்னொரு கேள்வி. சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடைகளில் டாஃப்னியா என்று பையில் கட்டி விற்கிறார்களே, அதை வாங்கி வீட்டிலேயே எங்கள் கிணற்று நீரில் விட்டுப் பார்க்கலாமா?

கண்ணாடிக்குடுவை | புதன், காலை 6.55

ஐயா, நீங்கள் சொன்ன கெண்டைக் குஞ்சுதான் இந்தச் சோதனைக்கெல்லாம் மூத்தது. ஆனால் மீன் மிதந்தால் தண்ணீரில் கோளாறு என்பது எவ்வளவு உண்மையோ, மீன் மிதக்கவில்லை என்பதால் தண்ணீர் நல்லது என்பது அவ்வளவு உண்மையில்லை. உங்கள் பகுதியின் குரோமியத்தைக் கொண்டே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் இயங்கி, மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் குவிந்து கிடந்ததும், அதிலிருந்து குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் மழைநீரோடு கசிந்து நிலத்தடிக்கு இறங்கியதும், 2006இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியல் ஒன்றில் அவ்வூர் இடம்பெற்றதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாஃப்னியா நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க உலகெங்கும் பயன்படுத்தும் ஒப்பீட்டு நஞ்சே பொட்டாசியம் டைகுரோமேட்தான். நலமான டாஃப்னியாவில் பாதி, 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராம் டைகுரோமேட்டில் முடங்க வேண்டும். இந்த உப்பின் எடையில் குரோமியம் ஏறத்தாழ 35 விழுக்காடு. ஆகவே குரோமியமாகச் சொன்னால் 0.21 முதல் 0.74 மில்லிகிராம். குடிநீரில் குரோமியத்தின் எல்லை 0.05. எல்லையைப் போல் நான்கு மடங்கு குரோமியம் இருந்தால்தான் குஞ்சுகள் பாதியளவாவது முடங்கத் தொடங்கும். இரண்டு மடங்கு இருந்தால் அவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். குடிக்கும் மனிதருக்கோ அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்துப் பேசப்படும் நஞ்சு, 48 மணி நேரத்தில் அல்ல, பத்து இருபது ஆண்டுகளில் வேலை செய்வது.

ஒளிரும் பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் சோதனை இன்னும் மோசம். அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற கடல்வாழ் பாக்டீரியாவை 15 டிகிரியில் நீரோடு கலந்து அரை மணி நேரத்தில் அதன் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 11348 தரநிலையில் அதற்கான ஒப்பீட்டு அளவாகக் குரோமியத்துக்குக் குறித்திருப்பது லிட்டருக்கு 18.7 மில்லிகிராம், குடிநீர் எல்லையைப் போல் 374 மடங்கு. அதே தரநிலையில் துத்தநாகத்துக்கு 2.2 மில்லிகிராமே போதும். ஆக எந்த உயிரைக் கேட்கிறோமோ அந்த உயிரின் பலவீனத்தைத்தான் அது சொல்லும்.

மீன் கடை டாஃப்னியாவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அது மொய்னா என்ற வேறு வகை. வயதும் கலந்திருக்கும், வளர்த்த தொட்டியின் நீரும் தெரியாது. கிழடும் குஞ்சும் கலந்த கூட்டத்தில் இரண்டு செத்தால் நஞ்சால் செத்ததா மூப்பால் செத்ததா என்று எப்படிச் சொல்வது? காசைச் செலவழிக்க வேண்டாம்.

சுண்ணாம்புக்கல் | புதன், இரவு 9.20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடாநாட்டின் நிலத்தடி நீர் முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருப்பது, ஓரிடத்தில் ஊற்றியது வெகு விரைவில் இன்னோரிடத்துக் கிணற்றில் தலைகாட்டும். சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், அது தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் எங்கள் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா செலுத்தும்படி பணித்ததும் பலர் அறிந்ததே. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றிலும் வாளியை இழுத்தால் நீரின் மேலே வானவில் போல ஒரு படலம் மிதந்தது. மணத்தால் அறிந்தோம், பரிசோதனையால் அல்ல.

கண்ணாடிக்குடுவை அவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஆக்சிஜன் குறைவாக இருந்ததால் காற்றூட்டினோம் என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். எங்களுடைய நீரில் அப்படிச் செய்தால் பென்சீன் போன்ற ஆவியாகும் ஐதரோகாபன்கள் காற்றோடு போய்விடாதா? நஞ்சைத் துரத்திவிட்டு நஞ்சில்லை என்று எழுதுவது போல் ஆகாதா? நைத்திரேற்றைப் பற்றியும் கேட்க வேண்டும். குடாநாட்டின் தோட்டக் கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டுவது புதிதன்று. இந்தப் பூச்சி அதைக் காட்டிக்கொடுக்குமா?

கண்ணாடிக்குடுவை | புதன், இரவு 10.40

காற்றூட்டினால் போய்விடும் என்பதில் ஐயமே இல்லை. எண்ணெய் கலந்த கிணறு என்று ஐயம் இருந்தால் குமிழி ஒன்றுகூட இல்லாமல் கழுத்து வரை நிரப்பி மூடிய கண்ணாடிக் குப்பியில்தான் மாதிரி எடுக்க வேண்டும். அத்தகைய நீருக்கு டாஃப்னியாவைவிட ஒளிரும் பாக்டீரியா பொருத்தமானது, ஏனெனில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஐதரோகாபன்களுக்கு அது நன்றாகவே மங்கும், கடல் உயிர் என்பதால் சோதனை நீரில் இரண்டு விழுக்காடு உப்பை நாமே சேர்க்கிறோம். சவர் நீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நைட்ரேட்டை எந்தப் பூச்சியும் காட்டாது. கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுப்பது அதன் வேலை. டாஃப்னியாவோ நூற்றுக்கணக்கான மில்லிகிராமிலும் சும்மா இருக்கும். எனவேதான் உயிர்ச் சோதனை இருந்தால் வேதியியல் அளவீடு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் எதிர்ப்பேன்.

நீரோட்டம் | வியாழன், காலை 8.05

அப்படியானால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, அம்மா. குரோமியத்தைக் காட்டாது, நைட்ரேட்டைக் காட்டாது, ஃப்ளோரைடையும் காட்டாது என்று நினைக்கிறேன். காட்டும்போதோ மனிதருக்குத் தீங்கா என்று சொல்லத் தெரியாது. பிறகு எதற்காக நிலத்தடி நீரில் இதைச் செய்ய வேண்டும்?

கண்ணாடிக்குடுவை | வியாழன், மாலை 5.30

ஃப்ளோரைடையும் காட்டாது என்பது சரி. ஆனால் வேதியியல் அறிக்கை எப்படி உருவாகிறது என்று யோசியுங்கள் ஐயா. நாம் எதைத் தேடினோமோ அது மட்டும் அதில் இருக்கும். தேடாதவற்றுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை, ‘இல்லை’ என்றுகூட எழுதப்படுவதில்லை. பூச்சிக்கொல்லியின் சிதைவுப் பொருள், சாயப்பட்டறையின் துணை இரசாயனம், மருந்துக் கழிவு என்று கிணற்றுக்குள் இறங்கக்கூடியவை ஆயிரக்கணக்கில் இருக்க, ஒரு சாதாரண அறிக்கையில் இருபது வரிகள் இருக்கின்றன.

கலவை என்பது இன்னொரு காரணம். லண்டன் பல்கலைக்கழக மருந்தியல் பள்ளியில் 2002இல் வெளிவந்த ஒரு சோதனையில், பெண் ஹார்மோனைப் போல் மெல்லச் செயல்படும் எட்டு இரசாயனங்களை, தனித்தனியே எந்த விளைவும் தராத அளவுக்குக் குறைத்து ஒன்றாகக் கலந்தார்கள். கலவை தெளிவான விளைவைத் தந்தது. எட்டையும் தனித்தனியே அளக்கும் ஆய்வகம் எட்டு முறையும் ‘எல்லைக்குள்’ என்றே எழுதியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் நிலத்தடி நீரில் ஒரு பூச்சிக்கொல்லிக்கு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்று வைத்ததோடு நில்லாமல் எல்லாவற்றின் கூட்டுத்தொகைக்கும் 0.5 என்று தனியே ஓர் எல்லை வைத்திருப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

ஆகவே இந்தச் சோதனையிடம் குடிக்கலாமா என்று கேட்கக் கூடாது. நம் அறிக்கையில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று கேட்கலாம். பேராசிரியரின் கிணற்றில் அது ‘ஆம்’ என்று சொல்லியிருக்கிறது. விடுபட்டது எது என்பதை இனி நாம்தான் தேட வேண்டும், தேடுவதற்கு வழியும் உண்டு.

மாதிரியைப் பல பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கில் ஈ.டி.டி.ஏ. சேருங்கள். அது செம்பு, துத்தநாகம், காரீயம், நிக்கல், காட்மியம் போன்ற உலோகங்களைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும். இன்னொரு பங்கில் சோடியம் தயோசல்பேட் சேருங்கள், குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றிகள் அடங்கும். மூன்றாவதை சி18 என்ற உறிஞ்சுபொருள் நிரப்பிய வடிகலன் வழியாகச் செலுத்துங்கள், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருள்கள் அதில் தங்கிவிடும். எந்தப் பங்கில் குஞ்சுகள் பிழைக்கின்றனவோ அந்தத் திசையில் குற்றவாளி இருக்கிறான். ஒன்றை மறக்க வேண்டாம்: ஈ.டி.டி.ஏ. தானே மிகுந்தால் கொல்லும், ஆகவே அதை மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குவளை கட்டாயம் வேண்டும். மேலும் ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எதிர்மின் அயனியாக, குரோமேட்டாக இருப்பதால் ஈ.டி.டி.ஏ.விடம் அது சிக்காது. சல்பேட்டைப் போல் வேடமிட்டு உயிரணுவுக்குள் நுழைவதும் அந்த வடிவத்தால்தான். அதனால் ஈ.டி.டி.ஏ. சேர்த்ததும் நச்சு மறைந்தால், உங்கள் ஊரில் எல்லோரும் முதலில் கை நீட்டும் குரோமேட் காரணம் அல்ல என்பதும் உடன் தெரிந்துவிடும்.

பாலாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9.35

மூன்று நாளாகத் துறையிலேயே குடியிருந்தோம். போலி நீரில் 20இல் ஒன்றுதான் முடங்கியது, ஆக உப்பு விடுதலை. பாதுகாத்து வைத்திருந்த மாதிரியைக் கண்ணாடிக்குடுவை அவர்கள் சொன்னபடி பங்கு போட்டோம். தயோசல்பேட் பங்கில் 16 முடங்கின. சி18 வடிகலனைத் தாண்டிய பங்கில் 15. ஈ.டி.டி.ஏ. பங்கில் மூன்றே மூன்று, அதற்கான ஒப்பீட்டுக் குவளைகளில் இரண்டு. ஈ.டி.டி.ஏ. பங்கின் நான்கு குவளைகளிலும் காலையில் குஞ்சுகள் குதித்துக் குதித்து நீந்துவதைப் பார்த்து ஒரு மாணவி கைதட்டியேவிட்டாள்.

உலோகம் என்று தெரிந்ததும் வேதியியல் துறை நண்பரின் அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் செம்பு, துத்தநாகம், நிக்கல், காரீயம், காட்மியம் பார்த்தோம். துத்தநாகம் லிட்டருக்கு 3.6 மில்லிகிராம். மற்றவை சொல்லும்படி இல்லை. தனியார் ஆய்வக அறிக்கையைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன், அதில் துத்தநாகம் என்ற வரியே கிடையாது. குடிநீரில் துத்தநாகத்துக்கு ஏற்கத்தக்க எல்லை 5 மில்லிகிராம், மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 15 வரை. ஆகவே அந்த வரி இருந்திருந்தாலும் அறிக்கை ‘தேறியது’ என்றுதான் சொல்லியிருக்கும். மனிதருக்குப் பொருட்டில்லாத அளவு டாஃப்னியாவுக்கு மரணம். ஆனால் கருங்கல் பூமியில் இவ்வளவு துத்தநாகம் எங்கிருந்து வந்தது என்பது புரியவில்லை. பக்கத்தில் முலாம் பூசும் பட்டறை ஏதாவது ரகசியமாக இயங்குகிறதா என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

நீரோட்டம் | ஞாயிறு, இரவு 10.20

பட்டறையைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி. அந்தக் கிணற்றில் இறக்கியிருப்பது பி.வி.சி. குழாயா, ஜி.ஐ. குழாயா? மாதிரி எடுக்கும் முன் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது? அதற்கு முன் எத்தனை நாள் ஓடாமல் இருந்தது?

பாலாற்றங்கரை | திங்கள், காலை 7.10

ஜி.ஐ. குழாய்தான், ஏறத்தாழ 50 மீட்டர் இறக்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்ததால் ஒன்பது நாள் மோட்டார் போடவில்லை. மாணவர்கள் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் வந்த உடனேயே குப்பியைப் பிடித்திருக்கிறார்கள். ஐயா கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது போல் இருக்கிறது.

நீரோட்டம் | திங்கள், காலை 9.00

ஒன்றேகால் அங்குலக் குழாயில் 50 மீட்டருக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நிற்கும். அடியில் தடுப்பு வால்வு இருப்பதால் மோட்டாரை நிறுத்தினாலும் அது கீழே இறங்காது. உங்கள் மாணவர்கள் பிடித்தது நிலத்தடி நீரே அன்று. ஜி.ஐ. என்ற துத்தநாக முலாம் பூசிய இரும்புக் குழாய்க்குள் ஒன்பது நாள் ஊறிய நீர். குளோரைடு மிகுந்த சவர் நீர் அந்த முலாமை இன்னும் விரைவாகத் தின்னும்.

நாங்கள் கள ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. ஆறரை அங்குல ஆழ்துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 21 லிட்டர் நிற்கும். உங்கள் கிணற்றில் 40 மீட்டர் நீர் நின்றால் 850 லிட்டர் ஆகிறது. அதைப் போல் மூன்று பங்கு, சுமார் 2,500 லிட்டர் வெளியேறிய பிறகும், மின்கடத்துதிறனும் பி.எச்.சும் வெப்பநிலையும் அடுத்தடுத்து மூன்று முறை அளந்தால் மாறாமல் நிற்கும்போதும்தான் மாதிரி எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும் மோட்டார் என்றால் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். அதற்கு முன் எடுத்த எந்த நீரையும் வைத்து நிலத்தடி நீர்ப்படுகையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேச முடியாது, அது பூச்சிச் சோதனையானாலும் சரி, கருவிச் சோதனையானாலும் சரி.

பாலாற்றங்கரை | வெள்ளி, இரவு 8.00

செவ்வாய்க்கிழமை நானே போய் 45 நிமிடம் மோட்டாரை ஓட்டிவிட்டு மாதிரி எடுத்தேன். வெளியேறிய நீரெல்லாம் தென்னைக்குப் போயிற்று. துத்தநாகம் 0.2 மில்லிகிராம். டாஃப்னியா 20இல் இரண்டு முடங்கின, ஒப்பீட்டிலும் ஒன்று. ஆக அந்த நீர்ப்படுகையில் இரண்டு நாளில் டாஃப்னியாவைக் கொல்லும் நச்சு எதுவும் தெரியவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாள்பட்ட தீங்கைப் பற்றியோ குரோமியத்தைப் பற்றியோ இந்தச் சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதையும், குரோமியத்தை மழைக்கு முன்னும் பின்னும் கருவியில் அளக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்திருக்கிறேன். குழாய்நீர் பற்றி வீட்டுக்காரரிடம் நேரில் சொன்னேன். காலையில் முதல் இரண்டு வாளியைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள் என்றேன்.

கிணற்றடி | வெள்ளி, இரவு 8.40

எங்கள் வீட்டிலும் ஜி.ஐ. குழாய்தான், இருபது வருடத்துக்கு முன் இறக்கியது. உடனே மாற்ற வேண்டுமா?

கண்ணாடிக்குடுவை | வெள்ளி, இரவு 9.05

துத்தநாகத்துக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை ஐயா. ஆனால் பழைய முலாமில் காரீயமும் காட்மியமும் சிறிதளவு கலந்திருப்பது உண்டு. அவற்றின் எல்லைகள் முறையே 0.01, 0.003 மில்லிகிராம், மிகச் சிறியவை. பேராசிரியரின் மாதிரியில் அவை தெரியவில்லை என்பது உங்கள் குழாய்க்குச் சான்றாகாது. இரவு முழுவதும் குழாயில் நின்ற முதல் நீரைத் தனியே பிடித்து அந்த இரண்டையும் மட்டும் அளக்கச் சொல்லுங்கள், பிறகு முடிவு செய்யலாம்.

நீரோட்டம் | சனி, காலை 6.30

பேராசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாதிரிப் படிவத்தின் நகலை இங்கே இட்டால் நானே திருத்தித் தருகிறேன். குழாயின் வகை, மோட்டார் நின்றிருந்த நாள்கள், மாதிரிக்கு முன் ஓடிய நிமிடங்கள், காற்றூட்டியதா இல்லையா என்று நான்கு கட்டங்கள் புதிதாக வேண்டும். துத்தநாகத்துக்கும் செம்புக்கும் இரண்டு வரிகள் சேருங்கள். கடைசியில் டாஃப்னியாவுக்கும் ஒரு வரி விட்டுவிடுங்கள்.